அண்டாவும் நோட்டும்: புயலடித்த ஊரில் பொதுச் சமையல் நடத்துவது எப்படி

புயல் அடித்த மறுநாள் ஊருக்குச் சோறாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான்கைந்து நாள் கழிந்ததும் நிலைமை மாறும். வீடுகளில் இருந்த அரிசி தீர்ந்திருக்கும். மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்துக் களைத்திருப்பார். வெளியூர் லாரிகள் குறையத் தொடங்கும். அப்போது அரிசி இருக்கும் இடம் அரசுக் கிடங்கு ஒன்றுதான். அந்தக் கதவு பசி என்று சொன்னால் திறக்காது, காகிதத்தைக் காட்டினால்தான் திறக்கும். ஆகவே முதல் நாள் அண்டாவை அடுப்பில் ஏற்றும்போதே பக்கத்தில் ஒரு நோட்டையும் திறந்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் விவரம்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்து பார்த்தால் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையும் மின்கம்பமும் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. உள்ளடங்கிய ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த நாட்களில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை வைத்து எழுதுகிறேன்.

இடம், சாவி, ஆட்கள்

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைவிட நல்ல இடம் எந்த ஊரிலும் கிடைக்காது. கான்கிரீட் கூரை, பெரிய பாத்திரங்கள், கரண்டி, எடை பார்க்கும் தராசு, நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பள்ளிச் சாவி தலைமையாசிரியரிடமும் சாமான் அறைச் சாவி அமைப்பாளரிடமும் இருக்கும். இருவரும் வெளியூர்க்காரர்களாக இருந்து, சாலையில் மரம் விழுந்து வர முடியாமல் போகலாம். பூட்டை உடைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உடைப்பதானால் கிராம நிர்வாக அலுவலரையோ, அவர் இல்லாவிட்டால் கிராம உதவியாளரையோ பக்கத்தில் நிறுத்தி, ஊரில் நான்கு பேரை வைத்து ஒரு மகஜர், அதாவது சாட்சிக் குறிப்பு, எழுதிவிட்டு உடையுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன காரணம், உள்ளே இருந்த பொருள் இவ்வளவு, சாட்சிக் கையெழுத்து. அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் இல்லாமல் திறந்த அறைக்கு, பிறகு தணிக்கை வரும்போது அமைப்பாளர் தன் கைப்பணத்தைக் கட்ட நேரிடும்.

உள்ளே இருக்கும் அரிசி பிள்ளைகளுடையது. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. கஜாவின்போது செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டதால் கேட்கவும் வழியில்லாமல் போனது. அப்படிப்பட்ட நிலையில் எடுத்ததை இருப்புப் பதிவேட்டில் தனி வரியாகக் காட்டி, “புயல் நிவாரணத்துக்கு வழங்கியது, ஈடு செய்ய வேண்டியது” என்று எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொடர்பு கிடைத்த அன்றே அந்தப் பக்கத்தின் நகலை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சமைக்கும் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெல்டா ஊர்களில் ஊர்த்தெரு ஒரு பக்கம், ஆதிதிராவிடர் தெரு ஒரு பக்கம். புயலுக்கு அந்த வித்தியாசம் தெரியாவிட்டாலும் சோறு போடும் இடத்தில் அது தலைகாட்டும். “அவர்களுக்குத் தனியாகக் கொடுத்தனுப்பிவிடலாமே” என்று யாராவது மிகுந்த அக்கறையோடு சொல்வார்கள். முதல் வேளையிலேயே இரண்டு தெருவிலிருந்தும் சமைக்க ஆள் எடுங்கள். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. பிடிக்காதவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொள்ளட்டும். அப்படிச் சொல்லிப் போனவர்கள் பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் தட்டோடு வந்து நிற்பார்கள். முதல் நாள் விட்டுக்கொடுத்தால் பிறகு சரிசெய்ய முடியாது.

தண்ணீர், விறகு

மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டி இரண்டு நாளில் காலி. அடிகுழாய் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்ப வேண்டும். டீசல் செலவை ஊராட்சிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே சொல்லி, ரசீதை வாங்கி நோட்டில் ஒட்டிவையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். கடல்நீர் ஏறிய குளத்துத் தண்ணீர் பாத்திரம் தேய்க்க மட்டும்தான்.

விறகுக்குப் பஞ்சமே இருக்காது என்று தோன்றும். சுற்றிலும் மரமாகக் கிடக்கும். ஆனால் பச்சைத் தென்னை எரியாது, கண்ணைத்தான் எரிக்கும். உடனே எரிவது விழுந்த குடிசைகளின் பழைய மூங்கிலும் பனஞ்சட்டமும். அவற்றை எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நமக்கு விறகாகத் தெரிவது அவருக்கு அடுத்த வாரக் கூரை. சவுக்குத் தோப்பு வைத்திருப்பவரிடம் பழைய காய்ந்த கட்டை இருந்தால் அதுதான் நல்லது. சிலிண்டர் இருந்தால் பால் காய்ச்சவும் கஞ்சிக்கும் மட்டும் ஒதுக்கிவையுங்கள். அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று சொல்ல ஆளிருக்காது.

என்ன சமைப்பது, எவ்வளவு

முதல் சில நாட்களுக்குக் கலந்த சாதம்தான். சாம்பார் சாதம் ஒரே அண்டாவில் முடியும், குழம்புக்கும் கூட்டுக்கும் தனிப் பாத்திரம் வேண்டாம், கரண்டிக் கணக்கில் அளந்து போடலாம். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, மூன்று கிலோ துவரம்பருப்பு, ஆறு கிலோ காய், அரைக் கிலோ புளி. வெறும் சோறாக வடித்துக் குழம்பு ஊற்றுவதானால் அரிசி பதின்மூன்று, பதினான்கு கிலோ ஆகும். மரம் வெட்டி வழி திறக்கும் ஆட்களுக்கு ஒரு வேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி வேண்டும். அவர்களுக்குக் குழந்தைகளோடு சேர்த்துச் சராசரி பார்க்காதீர்கள். ரேஷன் புழுங்கலை அரைமணி ஊறவைத்தால் விறகு மிச்சம்.

அப்போது எங்கும் தேங்காயாகக் கிடந்ததால் எல்லாவற்றிலும் தேங்காய் போடச் சொன்னார்கள். நான் அரைத்து ஊற்ற விடவில்லை. தேங்காய் சேர்ந்த சாதம் மத்தியானத்துக்குள் வாடை அடித்துவிடும், குளிர்சாதனப் பெட்டிக்கும் வழியில்லை. புளிச்சோறு மாலை வரை தாங்கும். வெளியூரிலிருந்து அன்போடு கட்டி அனுப்பும் தயிர்சாதப் பொட்டலம் பெரும்பாலும் புளித்தே வந்து சேரும். அதை முகர்ந்து பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். கெட்டிருந்தால் கொண்டுவந்தவர் முகத்துக்கு முன்னால் கொட்டாமல், அவர் போன பிறகு குழியில் போடுங்கள்.

இரண்டு வேளை போதும். காலை ஒன்பதரை, மாலை நான்கரை. மாலைச் சாப்பாட்டை வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். இருட்டில் பந்தி வைத்தால் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வரமாட்டார்கள். வழியெல்லாம் அறுந்த கம்பி கிடக்கிறது, பாம்பு வேறு. வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு இளைஞர்களை நிரந்தரமாக வையுங்கள். வாழை சாய்ந்த ஊரில் முதலில் இலைக்குக் குறை இருக்காது. இலை தீர்ந்ததும் அவரவர் தட்டை அவரவரே கொண்டுவரும்படி சொல்லுங்கள். குப்பையும் குறையும், கழுவும் தண்ணீரும் குறையும்.

பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு ஓர் ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்திடட்டும். சத்துணவுக் கூடத்தில் இது வழக்கம்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்டால் காட்டலாம் என்பது ஒரு பக்கம். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் பழி நேராகச் சமையல்காரியின் தலையில்தான் விழும், அவளைக் காப்பாற்ற அந்தக் கையெழுத்து வேண்டும் என்பது இன்னொரு பக்கம். பச்சிளம் குழந்தைகளுக்கென்று வரும் பால்பவுடர் டப்பாக்களைப் பொதுவில் கொடுக்காதீர்கள். தண்ணீர் சரியில்லாத இடத்தில் அது நோயைத்தான் கொடுக்கும். தாய்க்கு நன்றாகச் சாப்பாடு போடுங்கள், பிள்ளைக்குப் பால் ஊறும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கொஞ்சம் சுண்டலாவது தனியாக எடுத்துவையுங்கள்.

பட்டியல்

இந்த வேலையை அடுப்பு மூட்டிய அன்றே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விடுமுறையில்தான் இருக்கும். வீடு வீடாகப் போய் எழுத வேண்டியவை: குடும்பத் தலைவர் அல்லது தலைவி பெயர், எத்தனை பேர், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணி அல்லது பாலூட்டுபவர், படுக்கையில் இருப்பவர், வீடு முழுவதும் போயிற்றா பாதியா. கடைசிப் பத்தியில் ரேஷன் அட்டை எண்.

அட்டை எண்ணை ஏன் கடைசியில் போடச் சொல்கிறேன் என்றால், அதை முதலில் கேட்டால் அட்டை இல்லாத வீடு பட்டியலிலிருந்தே நழுவிவிடும். உப்பளத்தில் வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள், வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருப்பவர்கள், புகுந்த வீட்டு அட்டையில் பெயர் இருந்தும் பிறந்த வீட்டில் வந்து கிடக்கும் பெண்கள், அட்டையைக் காற்று கொண்டுபோனவர்கள் என்று எல்லோரும் அப்படித்தான் விடுபடுவார்கள். அரசாங்கம் அட்டையை எண்ணும், வீட்டை எண்ணும். நாம் தலையை எண்ண வேண்டும். கஜாவின்போது 27 பொருட்கள் அடங்கிய நிவாரணப் பெட்டகம் அறிவிக்கப்பட்டது. பெயர் விடுபட்டவர்களுக்கு அது எந்தத் தேதியில் எழுதிய எந்தப் பட்டியலில் விடுபட்டது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால்தான் வாதாட முடியும்.

மூன்று படிகள் எழுதுங்கள். கார்பன் தாள் வைத்து எழுதினால் ஒரே எழுத்தில் மூன்றும் வரும். மின்சாரம் இல்லாதபோது ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது? ஒரு படி கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒரு படி வருவாய் ஆய்வாளருக்கு, மூலப்படி உங்களிடம். செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் போடுங்கள். இடையில் தாள் கிழிந்தால் கிழிந்தது என்று எழுதுங்கள்.

எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது

அலுவலகங்களைப் பற்றி நம் மக்களிடம் இருக்கும் பெரிய குழப்பம், எல்லாவற்றையும் கலெக்டரிடம் கேட்டால் கிடைத்துவிடும் என்பது. கலெக்டரிடம் கொடுக்கும் மனு கீழே இறங்கி வட்டாட்சியரிடம்தான் வரும். அந்த நாட்களைச் சேமிக்க வேண்டுமானால் நேராக வட்டாட்சியருக்கு எழுதி, நகலை ஆட்சியருக்குப் போடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க்கோபம் முழுவதும் முதலில் அவர்மீதுதான் பாயும். அவர் வீட்டு ஓடும் பறந்திருக்கும். பல இடங்களில் இரண்டு கிராமத்துக்கு ஒருவர்தான். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்ததும், தோப்பு தோப்பாக மரம் எண்ணும் வேலையும் அவர் தலையில் வந்து சேர்ந்தது. சமையல் கூடத்தில் அவருக்கு ஒரு மேசை, நாற்காலி, இரண்டு வேளைச் சாப்பாடு கொடுங்கள். அவர் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தால் உங்கள் பட்டியலில் கையெழுத்து தானாக வரும், மேலே போகும் செய்தியும் தினமும் போகும். இதை லஞ்சம் என்று எங்கள் ஊரில் ஒரு தம்பி சண்டைக்கு வந்தான். சோறு எல்லோருக்கும் போடுகிறோம், அவருக்கு மட்டும் ஏன் போடக் கூடாது?

வட்டாட்சியரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் அரிசியன்று. உங்கள் சமையல் கூடத்தை நிவாரண முகாமாக அங்கீகரிக்கும்படி கேளுங்கள். பள்ளியில் இரவு தங்குபவர்கள் இருந்தால் அது முகாம். முகாமுக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவைப் பேரிடர் நிதியில் காட்ட அலுவலகத்துக்கு வழி இருக்கிறது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் மட்டும் இருந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. கூரை இழந்த சில குடும்பங்களாவது பள்ளியிலேயே படுத்திருக்கும். அவர்களுடைய பெயரைத் தனித் தாளில், எந்தத் தேதியிலிருந்து தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

ரேஷன் கடை விவகாரம் வட்ட வழங்கல் அலுவலருடையது. மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் விற்பனை இயந்திரம் வேலை செய்யாதபோது, கையெழுத்துப் பதிவேட்டில் பொருள் வழங்க எழுத்தில் உத்தரவு கேளுங்கள். உத்தரவு இல்லாமல் கொடுக்கும்படி விற்பனையாளரை நெருக்காதீர்கள், கிலோவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். கடையில் தண்ணீர் புகுந்திருந்தால் மூட்டைகளை நீங்களே பாருங்கள். வெளிச்சாக்கு காய்ந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். வாயைப் பிரித்துக் கையை முழங்கை வரை உள்ளே விடுங்கள். உள்ளே அரிசி குளிர்ச்சியாக இருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால் நனைந்து உள்ளுக்குள் வேகத் தொடங்கிவிட்டது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் சாக்கு வாடைக்கு அடியில் புளித்த வாடை வரும், விரலில் மாவு ஒட்டும். அந்த மூட்டையை எடுக்காதீர்கள். நனைந்த மூட்டைகளைத் தனியே அடுக்கி, எண்ணிக்கையை எழுதி, விற்பனையாளரிடமும் கையெழுத்து வாங்கி, தர ஆய்வுக்கு ஆள் அனுப்பும்படி மனு கொடுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

தண்ணீர், பிளீச்சிங் பவுடர், ஜெனரேட்டர், துப்புரவு எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம். 2018இல் ஊராட்சித் தலைவர் என்று ஒருவரே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர் ஆட்சி. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் ஒரே அதிகாரி. வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போட ஒரு தலைவர் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அன்றுதான் தெரிந்தது. 2025 ஜனவரியிலும் டெல்டா மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஊரே ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைத்து, அந்தப் பெயர்களை ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். ஆண்களுக்கு மரம் வெட்டும் வேலை இருக்கிறது.

மனு

ஒரு தாளில் ஒரே கோரிக்கை. அரிசி, மின்சாரம், வீடு, பயிர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், அந்தத் தாள் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதற்கே ஒரு வாரம் ஆகும். உருக்கமாக எழுதத் தேவையில்லை. படிப்பவர் அன்று அதே உருக்கத்தை நூறு தாளில் படித்திருப்பார். எண்தான் வேலை செய்யும். இப்படி எழுதுங்கள்:

அனுப்புநர்: நிவாரணச் சமையல் குழு, இன்ன ஊர், இன்ன ஊராட்சி.
பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், இன்ன வட்டம்.
பொருள்: நிவாரணச் சமையல், 600 பேர், பத்து நாளுக்கு அரிசி, பருப்பு கோருதல் தொடர்பாக.
ஐயா, எங்கள் ஊரில் 600 பேர் இன்ன தேதி முதல் இரண்டு வேளை இங்கே சாப்பிடுகிறார்கள். நாளுக்கு ஆளுக்கு 300 கிராம் வீதம் அரிசி 180 கிலோ, பத்து நாளுக்கு 1,800 கிலோ, அதாவது 36 மூட்டை. பருப்பு 50 கிராம் வீதம் பத்து நாளுக்கு 300 கிலோ. இன்று மாலைச் சமையலுக்குப் பிறகு கையிருப்பு இன்னும் இரண்டு நாளுக்கு. கிராம நிர்வாக அலுவலர் சான்றிட்ட பட்டியல் இணைப்பு. எடுத்துவர வண்டி எங்களிடம் உண்டு.
நகல்: மாவட்ட ஆட்சியர், வட்ட வழங்கல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்.

மூட்டைக் கணக்கையும் சேர்த்து எழுதச் சொன்னதற்குக் காரணம், கிடங்கில் பேசும் பாஷை மூட்டை. வண்டி உண்டு என்ற கடைசி வரி பல நாட்களை மிச்சப்படுத்தும். பெரும்பாலும் அரிசி ஒதுக்கியாகிவிடும், ஏற்றிவர லாரி இல்லாமல் கிடக்கும். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் முதலிலேயே பேசிவையுங்கள். கிடங்கில் ஏற்றும்போது நாலைந்து மூட்டைகளையாவது எடை போட்டுப் பாருங்கள். வெறும் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கழித்துத்தான் 50 கிலோ வர வேண்டும். குறைந்தால் அங்கேயே, வண்டி கிளம்புவதற்கு முன் சொல்லுங்கள். ஊருக்கு வந்து சொல்லும் குறைக்கு மதிப்பில்லை.

மனுவின் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் படியிறங்காதீர்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனுவை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, “அதெல்லாம் இப்போது தர முடியாது, அம்மா, பேரிடர் நேரம்” என்றார்கள். பேரிடர் நேரம் என்பதால்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம், பயனில்லை. மறுநாள் அதே மனுவைத் தபாலில் அனுப்பினோம். அப்போது பதிவுத் தபால் இருந்தது. 2025இல் அதை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். சேர்ந்ததற்கான சான்று அதிலும் கிடைக்கும். கூடவே மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. பேசியதும் புகார் எண்ணைக் கேட்டு, பேசிய நேரத்தோடு நோட்டில் குறித்துவையுங்கள். பெரிய பேரிடரில் மாவட்டத்துக்கென்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கண்காணிப்பு அலுவலர்களாகச் சென்னையிலிருந்து அனுப்புவார்கள். அவர் ஊருக்கு வரும்போது புதிதாக மனு எழுதாமல், ஏற்கெனவே முத்திரை வாங்கிய மனுவின் நகலையும் புகார் எண்ணையும் கையில் கொடுங்கள். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை அந்த முத்திரைத் தேதியே சொல்லும், நாம் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

சாலைமறியல் பற்றியும் கேட்பார்கள். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் குடிதண்ணீருக்கும் சோற்றுக்கும் மறியல் நடக்காத நாளில்லை. உட்கார்ந்தால் அதிகாரி வருவார், அது உண்மைதான். ஆனால் வந்தவர் கையில் கொடுக்கப் பட்டியல் இல்லாவிட்டால் “பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நிவாரண லாரி போகும் சாலையில் மட்டும் உட்காராதீர்கள்.

வெளியூர் லாரிகள்

உதவி கொண்டுவருபவர்கள் பிரதான சாலையிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே எட்டுக் கிலோமீட்டரில் ஓர் ஊர் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டுரோட்டில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். கையில் கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக் கடிதமும் அன்றைய தேவைச் சீட்டும். சீட்டில் தேவையைப் போலவே வேண்டாதவற்றையும் எழுதுங்கள்: பழைய துணி வேண்டாம், சமைத்த உணவு வேண்டாம், ரொட்டி இனி வேண்டாம்; புளி, மிளகாய்த்தூள், எண்ணெய், கொசுவர்த்தி, தார்ப்பாய், மாதவிடாய்க்கால நாப்கின் வேண்டும். பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து நாறியதை டெல்டாவில் பார்க்காதவர் இல்லை.

ரொக்கமாகப் பணம் வாங்காதீர்கள். கொடுத்தே தீருவேன் என்றால் கடைக்காரரிடம் நேராகக் கட்டச் சொல்லுங்கள், பில்லை நோட்டில் ஒட்டுங்கள். வந்த பொருளுக்கு ஒரு பக்கம், எடுத்த பொருளுக்கு ஒரு பக்கம், சாப்பிட்டவர் எண்ணிக்கைக்கு ஒரு பக்கம். இரவு மூன்றையும் கூட்டி, வேறு வேறு தெருவைச் சேர்ந்த இருவர் கையெழுத்திட வேண்டும். கூட்டாத கணக்கு மறுநாள் வதந்தியாகிவிடும்.

எப்போது நிறுத்துவது

ரேஷன் கடை திறந்துவிட்டது, ஆகவே சமையலை நிறுத்துங்கள் என்று அலுவலகம் சொல்லும். தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர்களுக்குத் தோப்பே இல்லை. அரிசி கிடைத்தாலும் எண்ணெய்க்கும் காய்க்கும் காசு ஏது? கூலி மறுபடி கைக்கு வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அப்போது நூறு நாள் வேலையில் மரக்கழிவு அகற்றுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் எழுதி வாங்கியதுதான் உதவியது. முதலில் காலை வேளையை நிறுத்தி மாலையை மட்டும் வையுங்கள். பிறகு முதியவர்களுக்கும் தனித்திருப்பவர்களுக்கும் மட்டும். கடைசியாக அடுப்பை அணைக்கும்போது மிச்சப் பொருளை எடைபோட்டு அங்கன்வாடிக்கோ சத்துணவுக் கூடத்துக்கோ எழுத்தில் ஒப்படையுங்கள். பள்ளியிலிருந்து முதல் நாள் எடுத்த அரிசி ஈடாகிவிட்டதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு யாரும் நினைக்க மாட்டார்கள்.

முழுக் கணக்கையும் அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். கஜாவுக்குப் பிறகு வந்தது ஜனவரி 26. தலைவர் இல்லாவிட்டாலும் சபை கூடும். கணக்கு ஏற்கப்பட்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறட்டும். நோட்டை அதன் பிறகும் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் நிவாரணம் விடுபட்டவர்கள் மாதங்கள் கழித்தும் அந்தப் பட்டியலைத் தேடி வருவார்கள்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் எங்கள் மகளிர் குழுவினர் பள்ளிச் சாமான் அறையைத் திறந்து பார்ப்பது இப்போது வழக்கம். இரண்டு பெரிய அண்டா, மூடியுள்ள தண்ணீர் டிரம், தார்ப்பாய், பிளீச்சிங் பவுடர் (போன வருடத்தது வேண்டாம், வீரியம் போயிருக்கும்), காய்ந்த சவுக்கு இரண்டு வண்டி, நூறு பக்க நோட்டு மூன்று, கார்பன் தாள் ஒரு பெட்டி. கார்பன் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, மேல் பலகையில் வையுங்கள்.